மூணு பேருக்குத் தாராளம்

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஏதோ சதி நடக்கிறது. ஆதாரம் ஒன்று: அப்பா வண்டியை விற்கப் போகிறாராம்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. ஏழு சீட். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் தண்ணீர் லாரியே ஒதுங்கி நின்று வழிவிடும். எதிரில் சைக்கிள் வந்தால்கூட யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். மாடி வீட்டு சபாபதி மாமா அதற்குக் 'கல்யாண மண்டபம்' என்று பேர் வைத்திருக்கிறார். அந்த மண்டபத்தின் கடைசி வரிசை என்னுடையது. அங்கே நான் படுப்பேன், காலை நீட்டுவேன், சிப்ஸ் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிப்பேன். திருத்தணிக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் அந்த ராஜ்ஜியத்துக்குள் வேறு யாருக்கும் விசா கிடையாது.

இன்று சாப்பிடும்போது அப்பா, ஊருக்குள் ஓட்ட இவ்வளவு பெரிய வண்டி எதற்கு, குழந்தையை வைத்துக்கொண்டு சின்னதாக ஒன்று இருந்தால் சுலபம் என்றார். வண்டி துடைத்த துணியைக்கூடத் துவைத்து மடித்து வைக்கிற மனிதர் இதைச் சொல்கிறார். அதுவும் யார் முகத்தையும் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துச் சொல்கிறார். அம்மா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலே கத்தரிக்காயின் பூர்வீகம் விசாரிக்கிறவள்.

குழந்தையைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும். பேர் துருவன். ஏழு மாதம். என் தம்பி. எனக்குப் பதினைந்து வயது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வகுப்பில் எல்லாருக்கும் வந்தது. நான் அவனை முதலாளி என்று கூப்பிடுகிறேன். வேலை எதுவும் செய்ய மாட்டான், கத்துவான், எல்லாரும் ஓடுவார்கள். வேறு எந்தப் பேர் பொருந்தும்?

பிப்ரவரி 19, புதன்

ஆதாரம் இரண்டு: அம்மா வாக்கிங் போகிறாள்.

பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு குறைய வேண்டுமாம். போகட்டும். விடிந்ததும் முதலாளியை என் மடியில் போட்டுவிட்டுக் கிளம்புகிறாள். ஆனால் வியர்க்காமல் திரும்பி வருகிறாள். வந்ததும் இடது முழங்காலுக்கு மட்டும் தைலம் தேய்க்கிறாள். வலது கால் உன்கூட வரலையா என்று கேட்டேன். "பாடத்தைப் படிடி" என்றாள்.

இந்த வருடம் எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தீபாவளியோடு டிவி கேபிளை வெட்டினார்கள். பொதுத்தேர்வு இருக்கிற வீட்டில் நல்லது கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. நடந்தாலும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. சித்தப்பாவுக்கு இதயத்தில் குழாய் வைத்த விஷயமே, அவர் குணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் சிநேகிதி ஷப்னம் வீட்டில் அவளுடைய பூனை போன மாதம் செத்துவிட்டது. அவள் அண்ணன் என்னிடம் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறான். அவளிடம் பூனை ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூனைக்கு ஏது ஊர் என்று அவளும் கேட்கவில்லை. அறிவியல் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் ஷோரூம். சிவப்பாக, வழவழவென்று, உருண்டையாக ஒரு வண்டி. தக்காளி என்று பேர் வைத்தேன். காட்டின அண்ணன் பேர் நவ்ஷாத். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் மைலேஜ். எதைக் கேட்டாலும் அதில் ஆரம்பித்து அதிலேயே முடித்தார்.

அப்பா கேட்ட கேள்விகள்தான் விசித்திரம். டிரைவர் சீட்டை எவ்வளவு உயர்த்தலாம்? குள்ளமானவர் உட்கார்ந்தால் பானெட்டின் முனை தெரியுமா? ஸ்டியரிங் கனமாக இருக்காதே? அப்பா உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். பானெட் என்ன, பக்கத்து ஊரான பாடியின் மேம்பாலமே தெரியும் அவருக்கு.

அம்மா முதலாளியின் சீட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பின்பக்கம் பார்த்து உட்காருகிற மாதிரி அதை மாட்ட வேண்டும். மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தாள். அடுத்தது அவனுடைய தள்ளுவண்டி டிக்கிக்குள் போகுமா என்ற ஆராய்ச்சி. மடக்கி, படுக்க வைத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றினால் போகும் என்று நவ்ஷாத் அண்ணன் நிரூபித்தார். தள்ளுவண்டிக்கே இந்தக் கதி என்றால் எனக்கு என்ன கதி என்று பார்க்க, அதை எடுத்ததும் நான் டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டேன். முழங்கால் தாடையில் இடித்தது.

நான் உள்ளே இருப்பது தெரியாமல் அப்பாவும் அவரும் பக்கக் கதவருகே நின்று பேசினார்கள். வீட்டில் எத்தனை பேர் சார் என்று அவர் கேட்டார்.

"வண்டியில மூணு பேர்தான்," என்றார் அப்பா. "மூணு பேருக்கு இது தாராளம்."

எங்கள் வீட்டில் நாலு பேர்.

பிப்ரவரி 24, திங்கள்

அப்பா, அம்மா, முதலாளி. எத்தனை தடவை எண்ணினாலும் மூணு.

மார்ச் 2, ஞாயிறு

துப்பு துலங்கிவிட்டது. துலங்காமலே இருந்திருக்கலாம்.

அப்பா பால்கனியில் போனில் பேசினார். நான் துணி எடுக்கிற சாக்கில் கதவுக்குப் பின்னால் நின்றேன். துணி எதுவும் காயவில்லை என்பது வேறு விஷயம். அவர் பேசினதை அப்படியே எழுதுகிறேன்: "ஏப்ரல் கடைசியில சேர்ந்தாகணும்... ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்... மெஸ் சாப்பாடு எப்படிங்க?... இல்ல, அவகிட்ட இன்னும் சொல்லல. பரீட்சை முடியட்டும்."

ரெண்டு வருஷம். பதினொன்று, பன்னிரண்டு. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம், விரல் இருந்தால் போதும்.

என் பெரிய அத்தை பெண் சஹானாவை இப்படித்தான் பத்தாவது முடிந்த கையோடு மேற்கே ஒரு ஊருக்குக் கொண்டுபோனார்கள். மதில் சுவர் வைத்த பள்ளிக்கூடம். படித்த நேரம் போக மீதி நேரத்தில் படிக்க வேண்டும். பொங்கலுக்கு வந்தவள் கரும்பைக் கடிக்கும் முன்னால் என்னிடம் "சாப்பிடலாமா?" என்று அனுமதி கேட்டாள். என்னிடம்! அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கின மார்க்கை வைத்து எனக்கும் ஒரு மதில் பார்த்துவிட்டார்கள்.

அதனால்தான் சின்ன வண்டி. ஒரு ஆள் குறைகிறது, கூடவே சீட்டும் குறைகிறது. அப்பா எதையும் வீணாக்க மாட்டார்.

நான் பயப்படவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

எதிர்த் தாக்குதல். சின்ன வண்டி அமையாவிட்டால் பெரிய வண்டி இருக்கும். பெரிய வண்டி இருந்தால் கடைசி வரிசை இருக்கும். கடைசி வரிசை காலியாக இருந்தால் அவர்களுக்கே உறுத்தும். இதுதான் திட்டம்.

இன்று தக்காளியை ஓட்டிப் பார்க்கப் போனோம். அப்பா ஏறும் முன்னால், முதலாளியின் மஞ்சள் ரப்பர் வாத்தை டிரைவர் சீட்டுக்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் நடுவே செருகிவிட்டேன். அப்பா பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னால் போய்த் திரும்பப் பின்னால் வந்து அழுந்தும். வாத்து 'பீங்' என்னும். வேகத்தடையில் 'பீங்'. சிக்னலில் 'பீங்'. மாடு குறுக்கே வந்தபோது நீளமாக ஒரு 'பீஈங்'. நவ்ஷாத் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மைலேஜ் மறந்துவிட்டது. இந்த மாதிரி இந்த மாடலில் வந்ததே இல்லை சார் என்று பாதி அழுகையில் சொன்னார். அம்மா வண்டியின் அடிப்பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது என்றாள். எனக்கு வெற்றி கண்ணுக்குத் தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது முதலாளி. முதல் மூன்று பீங்குக்குச் சிரித்தவன், நாலாவதுக்குக் குரலை அடையாளம் கண்டுகொண்டு வாத்து வேண்டும் என்று முன்சீட்டுப் பக்கம் உடம்பை முறுக்கி வீறிட்டான். சொந்த அக்காவை ரப்பருக்காகப் பிடித்துக்கொடுத்த முதல் தம்பி இவன்தான்.

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு வாத்தை எடுத்தார். அதைப் பார்த்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பினார். தலையை வெளியே நீட்டிக்கொண்டு அது வீடு வரை வந்தது.

திட்டவில்லை. ஷோரூமில் திட்டவில்லை, வீட்டில் திட்டவில்லை, நான் வேண்டுமென்றே நாலு தடவை குறுக்கே நடந்து பார்த்தும் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தன் அப்பளத்தையும் எனக்கே வைத்தார்.

அனுப்பப் போகிற பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள். சஹானாவுக்கும் போகும் முன்னால் அத்தை புது கொலுசு வாங்கித் தந்தாள்.

மார்ச் 15, சனி

பரணில் புதுப் பெட்டி. கருநீலம், பெரிது, சக்கரம் வைத்தது. மறைத்து வைத்ததாக நினைப்பு. மேலே பழைய போர்வை போட்டிருந்தார்கள். எண் பூட்டு இன்னும் கடையில் வைத்த மூன்று பூஜ்ஜியத்திலேயே இருந்தது.

உள்ளே இருந்தவை: எவர்சில்வர் தட்டு, டம்ளர். துணி காயப்போடும் கயிறு. கட்டம் போட்ட போர்வை, அதுவும் லாரி டிரைவர்கள் போர்த்துகிற மாதிரி. என் ரசனையைப் பற்றி இவர்களுக்கு ஏதாவது தெரியுமா? இன்னொன்று, ஒரு குட்டி பிரஷர் குக்கர்.

ஹாஸ்டலில் குக்கர் எதற்கு? ரொம்ப நேரம் யோசித்தேன். வார்டனுக்கு அன்பளிப்பாக இருக்கும்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு, பூட்டின் எண்ணை மட்டும் எனக்குத் தெரிந்த எண்ணாக மாற்றி மூடிவிட்டேன். இனி குக்கர் விசிலடிக்க வேண்டுமானால் என்னிடம்தான் வர வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா சமைக்கிறார். அம்மா பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறாள், கடுகு வெடித்த பிறகு பெருங்காயம் போடச் சொல்கிறாள், அவர் அதற்கு முன்னாலேயே போடுகிறார். இன்றைய சாம்பாரில் பருப்பும் தண்ணீரும் கூட்டணிப் பேச்சுவார்த்தை முறிந்து தனித்தனியாக நின்றன. நன்றாக இருக்கிறதா என்று என்னையே பார்த்துக் கேட்டார். புளிப்புக் கொஞ்சம் தூக்கல் என்றேன். குறித்துக்கொள்கிற மாதிரி தலையாட்டினார்.

நான் போன பிறகு மிச்சமிருக்கிற மூணு பேருக்கு வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

தக்காளி வேண்டாமாம். டிரைவர் சீட் தாழ்வு. இன்று வேறு ஷோரூமில் வேறு வண்டி. நெட்டையாக, சதுரமாக, வெளிர் பச்சையில். சோப்பு டப்பா. கையில் ஒரு சின்ன டப்பா பெருங்காயத்தூளோடு போயிருந்தேன். பின்சீட்டில் தூவுவதாகத் திட்டம். வாசனை ஒரு வாரம் நிற்கும்.

தூவவில்லை.

காரணம் இதுதான். முதலாளியின் சீட் இதில் ஒரே தடவையில் 'டக்' என்று உட்கார்ந்தது. அவனை அதில் வைத்ததும் தூங்கிவிட்டான். தள்ளுவண்டி சக்கரம் கழற்றாமலே டிக்கிக்குள் போனது. அதைவிட, உயரம் பார்க்கிறேன் என்று அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உயரம் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் இறங்கவே இல்லை. சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரில் இருந்த சுவரையே பார்த்தாள். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு அப்படி ஒரு முகம் வரும். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தெரியுதா என்று கேட்டார். "தெரியுது," என்றாள் மெல்ல.

கியர் போடத் தேவையில்லாத மாடல் இருக்கிறது என்று விற்கிறவர் சொன்னார். அப்பா வாயைத் திறக்கும் முன்னால் அம்மா, கியர் வண்டியே போதும், அதுதான் பழக்கம் என்றாள். யாருக்குப் பழக்கம்? அம்மாவுக்கு மிக்ஸியில்தான் மூன்று கியர் பழக்கம்.

பெருங்காயத்தைத் தூவ அப்போதுதான் நல்ல நேரம். ஆனால் பின்சீட்டில் முதலாளி தூங்கிக்கொண்டிருந்தான். தும்மினால் எழுந்துவிடுவான், எழுந்தால் நான்தான் தூக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் விட்டேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

தமிழ்த் தேர்வு. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கைக்கு அறிவுரை கூறிக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி வருமோ என்று பயந்தேன். வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மண்டபம் போய்விட்டது. வாங்கினவர் திருவள்ளூர்க்காரர். கூட்டுக்குடும்பமாம், ஏழு சீட்டும் நிறையும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவர் வரும் முன்னால் கடைசி வரிசையில் ஒரு தடவை படுத்துப் பார்த்தேன். கால் இடித்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் நான் என்றோ செருகின சிப்ஸ் பாக்கெட் இருந்தது. எடுக்கப் போனேன். அப்பா துணியோடு வந்து, இரு நான் பார்த்துக்கறேன் என்று அதை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

தெருவிலிருந்து வண்டியை வெளியே எடுக்க அந்த ஆளுக்குத் தெரியவில்லை. அப்பா பின்னாலேயே நடந்து, வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க என்று தெருமுனை வரை வழி காட்டினார். சபாபதி மாமா மாடியிலிருந்து, "தணிகாசலம், இனிமே தெருவுல காத்து வரும்பா" என்றார். அப்பா சிரித்தார். தெருமுனையிலிருந்து திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்கு. பேச வேண்டாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. நாளைக்கு சமூக அறிவியல், அதுதான் கடைசிப் பரீட்சை. ஆனால் புது வண்டியைப் புது வருடத்தில் எடுக்காமல் எப்போது எடுப்பது? காலையில் அப்பா ஷோரூமிலிருந்து சோப்பு டப்பாவை ஓட்டிக்கொண்டு நேராகப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வந்தார். நாங்கள் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். நான் புத்தகத்தோடு போனேன். முதலாளி வாத்தோடு வந்தான்.

குருக்கள் பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் சுற்றினார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். பிறகு தட்டில் சாவியை வைத்து நீட்டி, வண்டியை யார் ஓட்டப் போறேளோ அவாதான் சாவி வாங்கணும், அவாதான் முதல்ல பழத்துமேல ஏத்தணும் என்றார்.

அப்பா கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். குருக்களிடம், "சாமி, இவளுக்கு நாளைக்கு ஒரு பரீட்சை பாக்கி இருக்கு" என்றார்.

குருக்களுக்குப் புரியவில்லை. "பரீட்சை எழுதட்டும், பேஷா எழுதட்டும். வண்டி யார் ஓட்டறா?"

அப்பா மறுபடி பிள்ளையாரைப் பார்த்தார். பின்னால் பூஜைக்கு இன்னும் இரண்டு பைக்கும் சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றும் நின்றன. மீன்பாடிக்காரர் கற்பூரம் அணையுது சார் என்றார்.

அம்மா முதலாளியை என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

எங்கள் அம்மா வேதவல்லி, கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள், மழைத் தண்ணீரைத் தாண்டவே அப்பாவின் கையைப் பிடிக்கிறவள், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், இடது காலைத் தூக்கிக் கிளட்ச்சில் வைத்து அழுத்தினாள். இடது கால். அந்த இடது முழங்கால். வாக்கிங் போகாத வாக்கிங்.

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. குருக்கள் இரண்டடி பின்வாங்கினார். இரண்டாவது தடவை நாலு பழமும் நசுங்கி வண்டி நகர்ந்தது. கோயிலைச் சுற்றுகிற தெருவில் ஆமை மாதிரி திரும்பி மறைந்தாள். அப்பா ஏறவில்லை. நடைபாதையில் அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முந்தாநாள்தான் லைசென்ஸ் வந்துச்சு."

"அப்ப நீங்க என்ன ஓட்டுவீங்க?"

அப்பா செருப்பை ஒன்றோடொன்று தட்டித் தூசி உதறினார். பிறகு சொன்னார். அவர் வேலை செய்கிற பிரேக் கம்பெனி அம்பத்தூர்த் தொழிற்சாலையை மூடிவிட்டு குஜராத்துக்குப் போகிறது. கூடப் போகிறவர்களுக்கு வேலை உண்டு, போகாதவர்களுக்கு இல்லை. இப்போதைக்கு ரெண்டு வருஷம். ஏப்ரல் கடைசியில் சேர வேண்டும். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று அங்கே போனவர்கள் சொல்கிறார்கள். மே மாதம் அம்மா திரும்ப வேலைக்குப் போக வேண்டும், போகிற வழியில் தம்பியைக் காப்பகத்திலும் என்னைப் பள்ளியிலும் விட வேண்டும்; அந்தக் கல்யாண மண்டபத்தை இந்தத் தெருவில் அம்மாவால் திருப்ப முடியாது.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தோம். ஒரு நாளு. இந்த ஐயரு விடல."

"எனக்கு ஹாஸ்டல் இல்லையா?"

"உனக்கு எதுக்கு ஹாஸ்டல்?" என்று உண்மையாகவே முழித்தார். "நீ இல்லாம அம்மா எப்பிடிச் சமாளிப்பா? நீ, அம்மா, தம்பி. மூணு பேரு இருக்கீங்களேன்னுதான் நான் தைரியமா போறேன்."

இரண்டு மாதமாக அந்த மூணை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அப்பாவைக் கழித்துப் பார்க்கவில்லை. கணக்கில் என் லட்சணம் அப்படி.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். மதில் சுவர் இல்லை, அனுமதி கேட்டுக் கரும்பு கடிக்க வேண்டாம். நான் முதலாளியின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் தலையில் எண்ணெய் வாசனை. எண்ணெய் கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, பூட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது, கடைக்காரனிடம் சண்டை போட வேண்டும் என்றார்.

"ஒண்ணு, எட்டு, ஏழு" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்தவனைப் பார்த்தார். பதினெட்டு, ஏழு. முதலாளி பிறந்த தேதி. சட்டென்று ஞாபகத்துக்கு வந்த மூன்று இலக்கம் அதுதான், வேறு விசேஷம் இல்லை என்று விளக்கினேன். சரி என்றார். தெருமுனையில் சோப்பு டப்பா தெரிந்தது. வலது பக்கம் திரும்புகிறவள் இடது பக்கம் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தொழிற்சாலைகள் ஓரிடத்தில் அமைவதற்கான காரணிகளை விளக்குக. மூலப்பொருள், நீர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் எழுதினேன். கூடப் போகிறது யாருடைய அப்பா என்பது பாடத்தில் இல்லை.

வாசலில் ஷப்னம் அழுதுகொண்டு நின்றாள். பூனை விஷயத்தை அவளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா தினமும் ஓட்டுகிறாள். தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது சபாபதி மாமா மாடியிலிருந்து ஒன்று சொல்கிறார், இஸ்திரிக்காரர் கீழே இருந்து ஒன்று சொல்கிறார், அம்மா இரண்டையும் கேட்டு நடுவில் நிறுத்துகிறாள்.

முதலாளியின் சீட்டுக்குப் பெல்ட் மாட்ட அப்பா எனக்குச் சொல்லித் தந்தார். தோளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். நான் மாட்டினேன். அவர் விரலை விட்டுப் பார்த்தார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். சரியாகத்தானே இருந்தது என்றேன். தெரியும், இன்னொரு தடவை என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சென்ட்ரலுக்கு அம்மாதான் ஓட்டினாள். தள்ளுவண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பெட்டியை டிக்கியில் வைத்தோம். அப்பா முன்சீட்டில், நானும் முதலாளியும் பின்னால். நாலு பேருக்கும் தாராளமாகத்தான் இருந்தது.

அப்பா வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். சென்ட்ரல் வாசலில் போலீஸ்காரர் நிறுத்தவே விடவில்லை, விசில் ஊதிக்கொண்டே இருந்தார். நான் பிளாட்பாரத்தில் சொல்வதற்காக நாலைந்து ஜோக் தயாராக வைத்திருந்தேன். எதையும் சொல்ல நேரமில்லை. அப்பா பெட்டியை இறக்கினார், ஜன்னல் வழியாக முதலாளியின் பெல்ட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், என் தலையில் கையை வைத்தார். பிறகு பஸ் கண்டக்டர் மாதிரி வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். போலாம் என்று அர்த்தம். அம்மா வண்டியை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் பெட்டி மட்டும் தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டி, முன்னாடி வந்து உட்காருடி, இடது பக்கம் எனக்குத் தெரியலை என்றாள். உட்கார்ந்தேன். ஆட்டோ வருது, இப்ப வா, வேண்டாம் நில்லு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அயனாவரம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. பின்னால் மாநகரப் பேருந்து, அதற்குப் பின்னால் அயனாவரமே நின்று ஹாரன் அடித்தது. முதலாளி எழுந்து அழ ஆரம்பித்தான். அம்மா கியரைத் தேடித் தடவினாள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணா, வண்டி புதுசு, டிரைவரும் புதுசு, உங்க ஹாரன் மட்டும்தான் பழசு, அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க" என்றேன். பஸ் டிரைவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அடித்தார்.

அப்போது பார்த்து போன். அப்பா.

எடுக்கும் முன்னால் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே. எனக்கும் தெரியும். ரயிலில் ஏறின மனிதர், ஒரு ராத்திரியும் பகலும் போக வேண்டும்.

"வீட்டுக்குப் போய்ட்டீங்களாம்மா?"

"போய்ட்டோம்ப்பா. அம்மா காபி போடறாங்க."

பேருந்து ஹாரன் அடித்தது. ஆட்டோ ஒன்று எங்கள் பக்கவாட்டில் வந்து எதையோ சொல்லித் திட்டிவிட்டுப் போனது. பின்னால் முதலாளி உச்சத்தில் இருந்தான். போனில் ரயில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"சரிம்மா," என்றார் அப்பா. "காபி ஆறிடப் போவுது, அவசரப்படாம குடிக்கச் சொல்லு. கிளட்ச்சை மட்டும் மெதுவா விடச் சொல்லு."

சொன்னேன். அம்மா மெதுவாக விட்டாள். வண்டி நகர்ந்தது.